உப்பு ஜாடியும் இழுப்பும்

“ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கூட்டுறேங்க்கா. மாப்பும் போடுறேன். அப்புறமும் ராத்திரி ஆனா பிள்ளைக்கு இழுக்குது. இன்னும் என்னதான் செய்யிறது?”

எங்கள் தாமானில் அடுத்த வீட்டுத் தங்கச்சி இப்படிக் கேட்டபோது நான் உப்பு ஜாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தங்காக்கில் டிசம்பர் மழை. லெடாங் மலை நாலு நாளாகக் கண்ணில் படவில்லை. ஜாடிக்குள் உப்பு கட்டிதட்டிப் போய்க் கரண்டி இறங்கவில்லை. மூடியைத் திருகும் இடமெல்லாம் பிசுபிசுப்பு. அம்மா செய்வதுபோல ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டு மூடி வைத்தேன். அவள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஜாடிக்குள்ளேயே கிடந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததையெல்லாம் சட்டி பானைக் கணக்கில்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். அப்படியே சொல்கிறேன்.

காய்ந்த எண்ணெய்

ஆறிய எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஒன்றும் ஆகாது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே சொட்டு காய்ந்த எண்ணெயில் விழட்டும், சடசடவென்று வெடித்துக் கையைச் சுட்டுவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான். சட்டியின் சூடுதான் வேறு.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் எப்போதும் அடுப்பில் இருக்கும் சட்டி. இழுப்பு இல்லாத நாளிலும் அதன் உட்சுவர் லேசாக வீங்கி, சிவந்து, எது பட்டாலும் சீறத் தயாராக இருக்கிறது. மருத்துவர்கள் அழற்சி என்று சொல்வது இதைத்தான். அப்பாவையும் அண்ணனையும் ஒன்றும் செய்யாத ஊதுபத்திப் புகை, தம்பிக்கு மட்டும் இருமலைக் கிளப்புவது இதனால்தான். தூசி, புகை, சளிக்காய்ச்சல், ஏர்கோன் குளிர், ஓட்டம், ஏன், வயிறு குலுங்கச் சிரிப்பதுகூட அந்தச் சட்டியில் விழும் தண்ணீர்ச் சொட்டுதான்.

ஆக வேலை இரண்டு. அடுப்பைத் தணிக்க வேண்டும். சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது மருந்தின் வேலை. இரண்டாவது வீட்டுக்காரர்களின் வேலை. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. வாழைப்பழத்தையும் தயிரையும் மட்டும் நிறுத்திவிடுகிறோம். பழத்துக்குத் தடை போட்ட அதே வீட்டில் கட்டிலுக்கடியில் கொசுவத்தி எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

புட்டுக்குழலும் குக்கர் விசிலும்

மூச்சுக்குழாய் தொண்டைக்குக் கீழே கட்டைவிரல் அகலத்தில் தொடங்குகிறது. கிளைக்குள் கிளையாக இருபது தடவைக்கு மேல் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இழையாகிறது. புட்டுக்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு பொலபொலவென்று இருந்தால் ஆவி தடையில்லாமல் மேலே ஏறும். தண்ணீர் கூடி மாவு இறுகிவிட்டால், கீழே என்னதான் கொதித்தாலும் மேலே ஆவி வராது. இழுப்பு வரும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுக்கிப் பிடிக்கிறது, உட்சுவர் வீங்குகிறது, கஞ்சிபோலச் சளி சேர்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

குழாய் பாதியாகச் சுருங்கினால் மூச்சுக்கும் பாதிச் சிரமம் என்று நினைத்துவிடக் கூடாது. சீராக ஓடும் காற்றுக்கு விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்கு கூடும். நம்ப முடியவில்லையென்றால் முறுக்கு அச்சை எடுத்துவிட்டு ஓமப்பொடி அச்சைப் போட்டுப் பிழிந்து பாருங்கள். தோள்பட்டை கணக்குச் சொல்லும். பிள்ளைகளின் குழாய் ஏற்கெனவே சின்னது. கொஞ்சம் வீங்கினாலும் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

அந்த ‘உய்ங்ங்’ சத்தம் ஒடுங்கிய வழியில் காற்று பிதுங்கி வெளியேறும் சத்தம், குக்கர் விசில் மாதிரி. இழுப்பில் மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. சமைக்கிறவர்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் இங்கே உண்டு. குக்கர் விசில் அடித்தால் பயமில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது விசில் வராமல் இருந்தால்தான் பயம். மூச்சுத் திணறும் பிள்ளைக்குச் சத்தம் நின்றுபோனால் ‘அப்பாடா, அடங்கிவிட்டது’ என்று படுக்கவைக்கக் கூடாது. காற்றே போகாத அளவுக்கு வழி அடைத்திருக்கலாம். ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, உதடு நீலம்பாய்கிறது, உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை என்றால், 999க்கு அழையுங்கள் அல்லது நேரே தங்காக் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அந்த நேரத்தில் இந்தக் கட்டுரையெல்லாம் உதவாது.

உப்பு குடிக்கும் பூச்சி

இனி ஜாடிக்கு வருவோம்.

வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்புவது எது என்பது வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் ஃபோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் ஆளை அடையாளம் காட்டினார்கள். எட்டுக் கால் கொண்ட தூசிப்பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம், கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதிள்தான் அதற்குச் சோறு. மெத்தை, தலையணை, சோபா, துணிப் பொம்மை, தரையில் விரிக்கும் தோத்தோ என எங்கெல்லாம் உடம்பு படுகிறதோ அங்கெல்லாம் அதற்குப் பந்தி நடக்கிறது. நம் பக்கத்தில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், லைடன்காரர்கள் கண்ட இனத்தோடு புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வெப்பநாட்டு இனமும் ஏராளமாக இருக்கிறது.

சோறு கிடைத்தாயிற்று, தண்ணீர்? மெத்தைக்குள் குளம் குட்டை கிடையாது. அந்தப் பூச்சி காற்றிலிருந்தே குடிக்கிறது. அதன் முன்காலுக்கு அருகே சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் உப்புக் கரைசல் ஊறும். நம் சமையல் உப்பான சோடியம் குளோரைடு, கூடவே பொட்டாசியம் குளோரைடு. காற்றில் ஈரப்பதம் சுமார் 70 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்தது பூச்சியின் வாய்க்கு ஓடும். காற்று வறண்டால் உப்பு காய்ந்து, கட்டியாகி, சுரப்பியின் வாயை அடைத்துக்கொள்ளும். ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கி நாள்கணக்கில் நின்றால் பூச்சி காய்ந்து செத்துவிடும்.

சுத்தமான சமையல் உப்பு கசியத் தொடங்குவது 75 சதவிகித ஈரப்பதத்தில். மக்னீசியம் கலந்த உப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதாவது அடுப்படியில் உப்பு ஜாடி கசிகிற அன்று, படுக்கையறை மெத்தைக்குள் அத்தனை பூச்சிக்கும் தாகம் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஜாடியும் பூச்சியும் ஒரே வேதியியலில் ஓடுகின்றன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இழுப்பைக் கிளப்புவது முக்கியமாகப் பூச்சியின் எச்சம். ஒரு பூச்சி ஒரு நாளில் இருபது உருண்டை வரைக்கும் போடும். உருண்டைக்குள் அதன் செரிமான நொதி அப்படியே இருக்கிறது. ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டுப் பிசைந்து வைப்போமே, அதன் பாலில் உள்ள பப்பேன் இறைச்சியின் இழைகளை அறுத்து மெதுவாக்குகிறது. தூசிப்பூச்சியின் முக்கிய ஒவ்வாமைப் பொருளும் அதே பப்பேன் குடும்பத்து நொதிதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்லும் செல்லும் ஒட்டியிருக்கும் இடத்தை அது அறுக்கிறது. அறுந்த இடைவெளியில் ஒவ்வாமைப் பொருள் உள்ளே இறங்குகிறது. ஒவ்வாமை உள்ள உடம்பு திருடன் புகுந்ததுபோல் ஊரைக் கூட்டுகிறது. பப்பேன் தூள் கையாளும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கே ஆஸ்துமா வந்திருக்கிறது என்றால் பாருங்கள்.

கூட்டுவதா, துடைப்பதா?

இப்போது தங்கச்சியின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். எச்ச உருண்டை ஓரளவு கனமானது. யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் மெத்தையிலும் தரையிலும் படிந்து கிடக்கும். விளக்குமாற்றால் வரட்டு வரட்டென்று கூட்டும்போதும், படுக்கையை உதறும்போதும் மேலே எழும்பி, அரைமணி நேரத்தில் மறுபடி படியும். மைதாவைச் சலிக்கும்போது மூக்கில் ஏறுகிற கதைதான். அவள் மாலை ஆறரைக்குப் படுக்கையறையைக் கூட்டி, படுக்கையைத் தட்டிப் போட்டு, பிள்ளையை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். வேலையில் குறையில்லை, நேரமும் விதமும்தான் சரியில்லை. காலையில், பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு, சன்னலைத் திறந்து வைத்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். கூட்டியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். தோட்டத்து லயங்களில் பாட்டிமார் வாசலுக்குச் செய்ததை நாம் அறைக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

காத்தாடி இறக்கையின் மேற்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை மெத்தை. அதைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் மாட்டி, இரு கையாலும் அழுத்தி, மெதுவாக வெளியே இழுங்கள். அத்தனையும் உறைக்குள் விழுந்துவிடும். என் வீட்டில் முதல் தடவை இழுத்தபோது உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு வந்தது.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில் அலச வேண்டும். 55, 60 டிகிரிச் சூட்டில்தான் பூச்சி சாகும். நம் வீட்டுச் சலவை இயந்திரங்களில் பெரும்பாலானவை பச்சைத்தண்ணீர் மட்டும் எடுப்பவை. அதில் எச்சம் ஓரளவு கழுவிப் போகும், பூச்சி நீச்சலடித்துக்கொண்டு இருக்கும். சூட்டுக்கு அடுப்படிக் கணக்கு ஒன்று: கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. கலந்தால் 64 டிகிரி அளவில் வரும். வாளியும் துணியும் கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சம் சரியாக இருக்கும். பத்து, பதினைந்து நிமிடம் முக்கி வைத்துவிட்டு இயந்திரத்தில் போடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் தாமானுக்குத் தாமான் டோபி கடை இருக்கிறது. சூடான உலர்த்தியில் போட்டு எடுத்தாலே பூச்சி தீரும். துவைக்க முடியாத கரடிப் பொம்மையைப் பையில் கட்டி ஐஸ் பெட்டியின் உறைபெட்டிக்குள் ஒரு நாள் வைத்து, பிறகு அலசிக் காயவைக்கலாம்.

வெயில் போதாதா என்று கேட்பார்கள். வண்டு விழுந்த அரிசியை வெயிலில் காயவைத்தால் வண்டு ஓடும். உளுத்த மாவு அரிசியோடு கிடக்கும். புடைத்தால்தானே போகும்? நல்ல வெயில் மெத்தைப் பூச்சியைக் கொல்லும், எச்சத்தை எடுக்காது. காயவைத்ததை வெளியில் தட்டுங்கள், துவைக்க முடிந்ததைத் துவையுங்கள். இலவம்பஞ்சுத் தலையணை, பாட்டி தந்த பொக்கிஷமாகவே இருந்தாலும், இழுப்புக்காரப் பிள்ளைக்கு வேண்டாம்.

தங்காக்கில் இருந்துகொண்டு துணியைக் குறை என்று சொல்வது கொஞ்சம் துணிச்சலான காரியம். ஊரே துணிக்கடைகளுக்குப் பேர் போனது. தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் திரைச்சீலைத் துணி எடுக்க வெளியூர்க்காரர்கள் கார் போட்டு வருகிறார்கள். வாங்குங்கள், வரவேற்பறைக்கு. பிள்ளை படுக்கும் அறைக்கு மட்டும் அடிக்கடி துவைக்கக்கூடிய மெல்லிய திரை போதும், கம்பளம் வேண்டவே வேண்டாம்.

ஏர்கோன் விஷயத்தில் ஆளுக்கொரு பேச்சு. ஐஸ் போட்ட தேநீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? ஏர்கோனுக்குள் குளிர்ந்த குழாயில் அதுதான் நடக்கிறது. அறைக் காற்றின் ஈரம் தண்ணீராகிக் குழாய் வழியே வெளியே சொட்டுகிறது. ஆகவே அது அறையை வறட்டும், பூச்சிக்கு நல்லதில்லை, நமக்கு நல்லது. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். குளிர்க்காற்று நேரே பிள்ளை முகத்தில் அடிக்கக் கூடாது.

போகிற போக்கில் ஒன்று. திறந்து மாதக்கணக்கான கோதுமை மாவு, மைதா பொட்டலத்திலும் இந்தப் பூச்சி வகைகள் பெருகும். அந்த மாவில் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டு, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான எதிர்வினை வந்த நிகழ்வுகள் வெப்பநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மாவை மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

பூசணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊறுகாய் போட்டவர்களுக்குத் தெரியும். ஈரக் கரண்டி பட்ட ஜாடிதான் பூக்கும். 2006 டிசம்பரில் தொடங்கிய பெருவெள்ளத்திலும் 2023 மார்ச் வெள்ளத்திலும் ஜொகூரில் தண்ணீர் ஏறிய வீடுகளில், வடிந்த பிறகு சுவரில் கறுப்புப் புள்ளி புறப்பட்டதும் அதே விதிப்படிதான். ஒழுகும் குழாயையும் கூரையையும் அடையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை நாளில் ஈரத்துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். மேலே சாயம் பூசி மறைப்பது, பூத்த ஊறுகாயின் மேல் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். கழுவும்போது பிளீச்சையும் கழிப்பறை அமிலத்தையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நல்ல நுரையீரலே தாங்காது.

கரப்பான் எச்சமும் பூனையின் எச்சிலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பதைவிட இரைப்பசை வைப்பது நல்லது. ஸ்ப்ரேயே ஒரு சொட்டுத் தண்ணீர்தான்.

எரிவதும் புகைவதும்

காய்ந்த விறகு திகுதிகுவென்று எரியும், புகை குறைவு. ஈர மட்டையைச் செருகினால் அடுப்படியே கறுத்துப் போகும். முழுதாக எரியாமல் கனன்று புகைவதுதான் மோசம். கொசுவத்தி வேண்டுமென்றே அப்படிப் புகையச் செய்யப்பட்ட பொருள். இரவு முழுக்க மெல்ல மெல்ல. 2003இல் வெளியான ஓர் ஆய்வு சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவத்திகளை எரித்துப் பார்த்தது. ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் துகளுக்குச் சமம் என்று கணக்கு வந்தது. மூடிய அறையில், பிள்ளையின் கட்டிலுக்கடியில் அது.

அதற்காகக் கொசுவை விட்டுவிட முடியாது. டெங்கி நம் வாசலில் நிற்கிறது. கொசுவலை, சன்னலுக்குக் கம்பிவலை, தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது என்று வழி இருக்கிறது. டெங்கிக் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. ராத்திரிச் சுருள் அதைப் பார்க்கப் போவதே இல்லை.

சாம்பிராணியைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்த வெள்ளிக்கிழமை, ஈரத் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது எனக்கும் பிடித்த மணம். ஆனால் அதுவும் கனலில் புகைவதுதான். ஊதுபத்தியும் அப்படியே. விளக்கேற்றுங்கள், பூப் போடுங்கள். புகையை மட்டும் முன்வாசலில், பிள்ளை உள்ளே இருக்கும்போது காட்டிவிட்டு வாருங்கள். சாமி கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை. சிகரெட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. வெளியே போய் ஊதிவிட்டு வந்தாலும் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அடுப்படியே குற்றவாளி ஆகும் நேரமும் உண்டு. காய்ந்த மிளகாய் கருகினால், பெலாச்சான் வறுபட்டால், வீதியே தும்முகிறது. கேஸ் அடுப்பின் நீலச் சுடர் புகை விடாவிட்டாலும், அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு கூடி நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. அதுவும் மூச்சுக்குழாயை உறுத்தும். தாளிக்கும்போது பின்கதவைத் திறங்கள், புகைபோக்கிக் காத்தாடியைப் போடுங்கள்.

தைலம் தடவியதும் மூச்சுத் திறந்ததுபோல் இருக்குமே என்பீர்கள். மெந்தால் மூக்குக்குக் குளிர்ச்சி காட்டுகிறது, குழாயை ஒரு நூலளவும் விரிப்பதில்லை. குளிப்பாட்டிய பிள்ளைக்கு முகம் வெளுக்கப் பவுடர் போடுவதையும் விட்டுவிடலாம்.

746

வீட்டுக்குள் செய்வதையெல்லாம் செய்த பிறகும், வெளியே இருந்து வரும் புகைக்குக் கதவேது? ஜூன் 23, 2013, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, நாம் ஐபியு என்று சொல்வது, 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம். 500ஐத் தாண்டினால் அவசரநிலை. அன்றைக்கு மூவார், லெடாங் மாவட்டங்களில் அவசரநிலை என்று அப்போதைய இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சர் ஜி. பழனிவேல் அறிவித்தார். அந்த லெடாங் மாவட்டம்தான் இன்றைய தங்காக் மாவட்டம். இரண்டு நாள் கழித்து அவசரநிலை நீங்கியது.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் ரியாவ். அங்கே எரிந்தது காடு மட்டுமல்ல, கரிச்சேற்று நிலமும். ஆண்டாண்டாக மட்கி அடைந்து கிடக்கும் தழை மண். வடித்துக் காயவைத்தால் உமி மூட்டம்போல உள்ளேயே கனன்று நாள்கணக்கில் புகையும். தென்மேற்குக் காற்று அதை நேரே நம் கரைக்குத் தள்ளியது.

சல்லடையில் ரவை நிற்கும், மாவு இறங்கும். மூக்கும் தொண்டையும் ரவையைப் பிடித்துவிடுகின்றன. புகைமூட்டத்தின் பெரும்பகுதி 2.5 மைக்ரானுக்கும் சிறிய மாவு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அது நேரே நுனி இழைவரை போகிறது. 2013இல் ஐபியு கணக்கிட்டது 10 மைக்ரான் வரையான துகளை வைத்து. நுண்துகளைக் கணக்கில் சேர்த்தது பிறகுதான்.

அந்த நாள்களில் எல்லாரும் செய்த தப்பு ஒன்று உண்டு, நாங்களும் செய்தோம். கதவு சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே வழக்கம்போல வறுத்தோம், பொரித்தோம், ஊதுபத்தி ஏற்றினோம். வெளிப்புகைக்குப் பயந்து உள்புகையை மூடி போட்டுத் தம் கட்டினோம். புகைமூட்ட நாளில் கஞ்சி, ரசம், அவியல், இட்லி என்று வேகவைத்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் துறையின் ஏபிஐஎம்எஸ் பக்கத்தில் மணிக்கு மணி ஐபியு பார்க்கலாம். குறைந்த நேரமாகப் பார்த்து ஓர் அரைமணி சன்னலைத் திறந்து, மூடிவிடுங்கள்.

ரியாவைத் தடுக்க நம்மால் ஆகாது. பின்கட்டில் சருகு கொளுத்தும் பக்கத்து வீட்டு மாமாவிடம் பேசலாம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது என்பதை அவரிடம் சட்டமாகச் சொல்லாமல், பிள்ளைக்கு இழுக்கிறது மாமா என்று சொன்னால் போதும், பெரும்பாலும் கேட்பார்.

மெத்தை உறை வாங்கினால் தீருமா?

விளம்பரக்காரர்கள் தீரும் என்பார்கள். 2008இல் காக்ரேன் அமைப்பு 54 ஆய்வுகளைத் தொகுத்து அலசியது. தூசிப்பூச்சியை மட்டும் குறிவைத்து உறை போடுவதாலோ மருந்து தெளிப்பதாலோ ஆஸ்துமா குறைந்ததாகத் தெரியவில்லை என்று முடித்தது. அப்படியென்றால் இவ்வளவும் வீணா? 2004இல் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு வேறு விதமாகச் செய்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்து, அந்த வீட்டில் இருந்த பல காரணங்களை ஒன்றாகக் கவனித்தது: படுக்கை, கரப்பான், புகை எல்லாம். இழுப்பு வரும் நாள்கள் குறைந்தன. அடுத்த ஆண்டும் அந்தப் பலன் நின்றது.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சாம்பாரில் உப்பு, புளி, காரம் மூன்றும் கூடிப்போனால் உப்பை மட்டும் சரிசெய்து என்ன பயன்? யார் சட்டியில் எந்தச் சொட்டு விழுகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அடுப்படியில் தொங்கும் குதிரைக் காலண்டர் போதும். இழுத்த நாளில் ஒரு வட்டம் போட்டு, என்ன நடந்தது என்று இரண்டு சொல் எழுதுங்கள்: ‘மழை, மெத்தை உதறல்’, ‘வெள்ளி, சாம்பிராணி’, ‘சளி’. இரண்டு மாதத்தில் வட்டங்களே பேசும். தங்கச்சி வீட்டுக் காலண்டரில் ஞாயிறு ஞாயிறாக வட்டம் விழுந்தது. பாட்டி வீட்டில் பழைய தோத்தோவில் படுத்துவிட்டு வந்த நாள்கள்.

காலண்டரைக் கிளினிக்குக்கும் எடுத்துப்போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு மருந்தோடு சேர்த்து ஒரு ரிங்கிட்தான். நீல நிற இன்ஹேலர் பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பது. நுரை உடனே இறங்கும், அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். தினமும் எடுக்கச் சொல்லித் தரும் தடுப்பு இன்ஹேலர்தான் அடுப்பைத் தணிப்பது. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நிவாரண இன்ஹேலரை மட்டும் கொடுத்து விடுவதைப் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறானே என்று தடுப்பு மருந்தை நாமாக நிறுத்துவது, பால் இறங்கிவிட்டதே என்று தீயைக் கூட்டிவிட்டு நாடகம் பார்க்கப் போவதற்குச் சமம்.

தங்கச்சி இப்போது காலையில் துடைக்கிறாள், தோத்தோவை டோபிக்கு அனுப்பிவிட்டாள், மருந்தும் நிற்கவில்லை. பிள்ளைக்கு இழுப்பு அறவே போய்விடவில்லை. காலண்டரில் வட்டம் குறைந்திருக்கிறது.

இன்றைக்கு ராத்திரி அடுப்படியை மூடுமுன் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். கரண்டி இறங்கவில்லையென்றால், நாளைக் காலையில் முதல் வேலையாகத் தலையணை உறையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போடுங்கள்.